கை எங்கே முடிகிறது?

கை எங்கே முடிகிறது என்று ஒரு குழந்தையைக் கேட்டால் விரல் நுனியைக் காட்டும். பெரியவர்களாகிய நாமும் அதையே சொல்வோம். தோல் முடியும் இடத்தில் உடல் முடிகிறது. அதற்கு அப்பால் உள்ளவை வெறும் பொருள்கள். இதில் ஐயம் கொள்ள என்ன இருக்கிறது என்றே தோன்றும்.

ஆனால், எழுதுகோலை எடுத்து ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுதுகோல் நம்மைத் தொடுமிடம் விரல்கள். தாளின் சொரசொரப்பை நாம் உணர்வதோ எழுதுகோலின் முனையில். நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர் நீண்ட துடுப்பால் பெரிய பாத்திரத்தைத் துழாவிக்கொண்டிருக்கும்போது கவனித்துப் பாருங்கள். பாத்திரத்தின் அடி அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. முகம் எங்கேயோ திரும்பியிருக்கும். யாருடனோ பேசிக்கொண்டும் இருப்பார். திடீரென்று, "அடி பிடிக்கிறது, தீயைக் குறை" என்பார். கொதிக்கும் கஞ்சிக்கு அடியில் போய்த் தொட்டுப் பார்த்து வந்த விரல் எது? துடுப்பின் நுனிதான். அந்த நேரத்தில் அவருடைய கை அங்கே முடிந்திருக்கிறது.

இதைக் கவிஞரின் கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாதபடி, கடந்த நூறு ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்களும் மூளை ஆய்வாளர்களும் இதனை ஆராய்ந்து வந்திருக்கின்றனர். 1911ஆம் ஆண்டு ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டனர். மூளையில் பழுது ஏற்பட்ட நோயாளிகள் சிலர், தம் கை எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதையே அறிய முடியாமல் தவித்ததை அவர்கள் கண்டனர். நாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கால் எங்கே, கை எங்கே என்று அறிந்தே இருக்கிறோம். அப்படியானால், உடலைப் பற்றிய ஒரு படத்தை மூளை ஓயாமல் வரைந்து, ஒவ்வோர் அசைவுக்கும் அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர். அந்தப் படம் தோலோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் அப்போதே எழுதினர். தொப்பியில் நீண்ட இறகு செருகிய ஒரு சீமாட்டி, நிலைப்படியில் இறகு இடிக்காமல் தலையைத் தாழ்த்தி நுழைகிறாள் அன்றோ? அவளுடைய உடற்படம் அந்த இறகின் நுனிவரை நீண்டிருக்கிறது என்பது அவர்கள் கருத்து.

கருத்து சொல்லியாயிற்று, சான்று கிடைக்க எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1996இல் ஜப்பானைச் சேர்ந்த அட்சுஷி இரிக்கியும் அவருடைய தோழர்களும் குரங்குகளுக்கு ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்தனர். களத்தில் நெல் வாரும் பலகையைப் போல, முனையில் குறுக்குக் கட்டை வைத்த ஒரு சிறு கோல். கைக்கு எட்டாத தொலைவில் வைத்த உணவுத் துண்டை அந்தக் கோலால் இழுத்து எடுக்க வேண்டும். மூளையின் உச்சிப் பகுதிக்குச் சற்றுப் பின்னால், தொடு உணர்வும் பார்வையும் சந்திக்கும் ஓரிடம் உண்டு. அங்குள்ள சில நரம்பணுக்கள் இரு வேலை பார்ப்பவை. கையைத் தொட்டாலும் துடிக்கும். கைக்கு அருகில் ஏதேனும் வருவதைக் கண் கண்டாலும் துடிக்கும். வீட்டு வாசலில் நிற்கும் காவலனைப் போல, கையையும் கையைச் சுற்றியுள்ள வெளியையும் அவை காத்து நிற்கின்றன எனலாம்.

குரங்கு சில நிமிடங்கள் கோலால் உணவை வாரியதும், அந்தக் காவலின் எல்லை விரிந்தது. முன்பு கைக்கு அருகில் வரும் பொருளைக் கண்டு மட்டுமே துடித்த அணுக்கள், இப்போது கோலின் நுனிக்கு அருகில் வரும் பொருளைக் கண்டும் துடித்தன. வாரும் வேலை நின்ற சில நிமிடங்களில் எல்லை மீண்டும் கைக்குச் சுருங்கியது. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வேலையை நிறுத்திய பிறகும் குரங்கு கோலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. பிடித்திருப்பது போதவில்லை. வேலை செய்யும் கோலுக்கே மூளை தன் வீட்டில் இடம் கொடுத்தது. சும்மா கையில் கிடந்த கோலை மீண்டும் பொருளாகவே மதித்தது.

மனிதர்களிடத்திலும் இது காணப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அன்னா பெர்ட்டி, பிரான்செஸ்கா பிராசினெட்டி என்ற இரு இத்தாலியப் பெண் ஆய்வாளர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். மூளையின் வலப்பக்கம் தாக்கப்பட்டதால், தம் இடப்பக்கத்தில் உள்ளவற்றைக் கவனிக்கும் ஆற்றலை இழந்தவர் அவர். அருகில் ஒரு கோட்டை வரைந்து நடுவைக் காட்டச் சொன்னால், வலப்பக்கம் வெகுவாகத் தள்ளிக் காட்டுவார். விந்தை என்னவெனில், அந்தக் குறை கைக்கு எட்டும் தொலைவில் மட்டுமே இருந்தது. தொலைவில் உள்ள கோட்டின் நடுவை ஓர் ஒளிக்கற்றையால் காட்டச் சொன்னபோது அவர் ஏறத்தாழச் சரியாகவே காட்டினார். அதே தொலைவில், அதே கோட்டை ஒரு நீண்ட குச்சியால் தொட்டுக் காட்டச் சொன்னபோது பழைய பிழை திரும்பி வந்துவிட்டது. குச்சி எட்டியதும், தொலைவாக இருந்த இடம் மூளைக்கு அண்மை இடமாகிவிட்டது. அண்மைக்கு உரிய நோயும் குச்சி வழியே அங்குபோய்ச் சேர்ந்தது. ஒளி சுட்டிக்காட்டியது, குச்சி தொட்டது. சுட்டுவதற்கும் தொடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மூளை இவ்வளவு நுட்பமாக அறிந்து வைத்திருக்கிறது.

இந்த ஆய்வுகளைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது என் வாப்பாவை முன்னிட்டுத்தான்.

வாப்பா தையற்காரர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கத்தரியை வைத்திருந்தார். எத்தனை மடிப்புத் துணி வெட்டுப்படுகிறது, உள்ளே ஒரு மடிப்பு நழுவியிருக்கிறதா என்பதையெல்லாம் கத்தரியின் வாயால் அறிவார். பிறர் அந்தக் கத்தரியை எடுத்தால் அவருக்குப் பொறுக்காது. அறுபது வயதைக் கடந்தபின் கண்ணின் அழுத்தம் மிகுந்து, பார்வை ஓரங்களிலிருந்து மெல்ல மெல்ல மங்கி, ஒருநாள் முற்றாகவே போய்விட்டது. கத்தரி பெட்டிக்குள் போயிற்று. கண்ணிழந்தோர் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, வெள்ளைக்கோல் பிடித்து நடக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தார்.

இந்தக் கோலுக்கும் ஒரு வரலாறு உண்டு. முதியோர் ஊன்றி நடக்கும் கைத்தடி வேறு, இது வேறு. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய படைவீரர்களுக்காக, அமெரிக்காவின் வேலி போர்ஜ் இராணுவ மருத்துவமனையில் ரிச்சர்டு ஹூவர் என்பவர் 1940களில் வகுத்த முறை இது. கோல் நெஞ்செலும்பு உயரத்துக்கு இருக்க வேண்டும். இடக்கால் முன்னே போகும்போது கோல் வலப்பக்கமும், வலக்கால் போகும்போது இடப்பக்கமும் வீசி, அடுத்த அடி விழப்போகும் தரையை முன்கூட்டியே தொட்டு வர வேண்டும். வெள்ளை நிறம் பார்வையுள்ளவர்களுக்காக, நீளமோ பிடித்திருப்பவருக்காக.

முதல் சில வாரங்கள் கோல் அவருக்குச் சுமையாகவே இருந்தது. உள்ளங்கையில் தட்டுகிறது, மணிக்கட்டு வலிக்கிறது என்பார். பிறகு அந்தப் பேச்சு நின்றது. "அரிசிக் கடைப் படி வந்துவிட்டது", "இங்கே வாய்க்காலுக்கு மேல் பலகைக்கல், கீழே காலியாக இருக்கிறது", "பள்ளிவாசல் மணல் தொடங்கிவிட்டது" என்றெல்லாம் சொல்லத் தொடங்கினார். தட்டுவது கையில் என்ற நினைவு மறைந்து, தரை இருக்குமிடத்திலேயே தரையை உணரலானார். பேரப்பிள்ளை ஒருத்தி விளையாட்டாகக் கோலின் நுனியை மிதித்தபோது, "என்னை மிதிக்காதே வாப்பா" என்றார். கோலை என்று அவர் சொல்லவில்லை.

ஆனால் வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. நான்கு ஆண்மக்கள் இருக்கையில் தந்தையார் கோலைத் தட்டிக்கொண்டு தெருவில் போவதா என்று மூத்த காக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. ஊரார் என்ன சொல்வார்கள் என்ற எண்ணமும் இருந்தது. அதைவிட மிகுதியாகப் பாசமும் இருந்தது. "வாப்பா, எங்கள் கை இருக்கும்போது உங்களுக்கு இந்தக் குச்சி எதற்கு?" என்று கேட்டு, கோலை வாங்கிப் பரண்மேல் வைத்துவிட்டார். வாப்பா மறுத்துப் பேசவில்லை. மகன்களில் யாரேனும் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப் போனார்கள். அவருடைய நடை மாறிற்று. காலை உயர்த்தி வைத்தவர் தரையோடு தேய்த்து நடக்கலானார். சுபுஹு தொழுகைக்கு அழைத்துப் போக ஒருவரை எழுப்ப வேண்டியிருந்ததால், அந்தப் பிள்ளையின் தூக்கம் கெடுமே என்று நினைத்து வீட்டிலேயே தொழுதுகொண்டார். வழியைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசுவதில்லை.

ஒன்றரை மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் உம்மாதான் முக்காலி போட்டு ஏறி, பரணிலிருந்த கோலை எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்தார். காக்கா கோபித்துக்கொண்டபோது வாப்பா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "கையைப் பிடித்துக்கொண்டு போகிறவன் பாதையைத் தான் பார்த்துக்கொள்கிறான்; எனக்குச் சொல்வதில்லை. கோல் சொல்கிறது." மறுநாள் வைகறையில், பாங்கொலி கேட்டபின், தெருவில் கோல் தட்டும் ஓசையைப் படுக்கையில் கிடந்தபடியே கேட்டோம்.

காக்காவின் பாசத்தில் குறை காண முடியாது. அவர் எடுத்து வைத்தது ஒரு குச்சி என்றே அவர் நினைத்தார். மூளையின் கணக்கில் அது என்னவாக இருந்தது என்பதைப் பிற்காலத்து ஆய்வுகள் காட்டுகின்றன. 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள், நாள்தோறும் கோல் பயன்படுத்தும் கண்ணிழந்தவர்களையும் பார்வையுள்ளவர்களையும் ஒப்பிட்டனர். பார்வையுள்ளவர்களுக்குக் கோலைக் கொடுத்துச் சிறிது நேரம் பழக்கிய பின்னரே, கையைச் சுற்றியுள்ள உணர்வு வெளி கோலின் நுனிவரை நீண்டது. பழக்கம் விட்டதும் சுருங்கியது. கண்ணிழந்தவர்களுக்கோ கோலைக் கையில் எடுத்த மாத்திரத்திலேயே அது நீண்டது. நீண்ட நாள் உழைத்த கோலுக்கு மூளை ஒவ்வொரு நாளும் புதிதாக அனுமதி கேட்க வைப்பதில்லை. தெரிந்த விருந்தாளியைப் போல நேரே உள்ளே அழைத்துக்கொள்கிறது.

2018இல் பிரான்சின் லியோன் நகரில் லூக் மில்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் இன்னோர் உண்மையைக் கண்டறிந்தனர். பார்வைக்கு மறைவாக ஒரு மரக்கோலைக் கையில் கொடுத்து, அது ஒரு பொருளின்மேல் எந்த இடத்தில் பட்டது என்று கேட்டபோது, நுனியிலா நடுவிலா அடியிலா என்பதை மக்கள் வியக்கத்தக்க அளவு சரியாகச் சொன்னார்கள். நம் முன்கையில் எந்த இடத்தைத் தொட்டார்கள் என்று சொல்வதைப் போன்றே அதுவும் இருந்தது. கோலில் நரம்பு ஏது? படும் இடத்துக்கு ஏற்றவாறு கோல் வெவ்வேறு விதமாக அதிர்கிறது. அந்த அதிர்வைக் கையின் தோல் வாங்கி மூளைக்கு அனுப்புகிறது. மூளை அதிலிருந்து இடத்தைக் கணித்துவிடுகிறது. கோல் சொல்கிறது என்று அந்தத் தையற்காரர் சொன்னது வெறும் உவமையாக இருக்கவில்லை.

மரக்கோலின் இடத்துக்கு இப்போது எந்திரக் கைகள் வந்திருக்கின்றன. மூளைத்தண்டு தாக்கப்பட்டுக் கைகால் அசையாமல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் கிடந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி, தம் மூளையில் பொருத்திய சிறு மின்முனைகள் வழியே ஓர் எந்திரக் கையை நினைவால் இயக்கி, காப்பிப் புட்டியை வாயருகே கொண்டுவந்து தாமே பருகினார். 2012இல் இச்செய்தி வெளியாயிற்று. ஆயினும் அந்தக் கை ஊமைக் கை. பிடிக்கும், பிடித்ததைச் சொல்லாது. 2021இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் அக்குறைக்கு மருந்து தேடினர். எந்திரக் கை ஒரு பொருளைத் தொட்டதும், நோயாளியின் மூளையில் தொடு உணர்வுக்குரிய பகுதியை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டினார்கள். பொருளை எடுத்து வைக்க ஏறத்தாழ 20 நொடி ஆன வேலை, தொடு உணர்வு கிடைத்ததும் 10 நொடியில் முடிந்தது. இயக்கத்துக்குக் கீழ்ப்படிவது கருவியின் பாதிப் பணிதான். திரும்பிவந்து செய்தி சொல்வது மற்றப் பாதி.

இல்லாத உறுப்புக்கு மாற்று வைப்பது ஒருபுறம் இருக்க, இருப்பதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் மூளை என்ன செய்யும்? லண்டனில் டேனி கிளோடு என்ற பெண்மணி ஆறாவது விரலாக ஓர் எந்திரக் கட்டைவிரலை வடிவமைத்தார். சுண்டுவிரலுக்கு அப்பால் உள்ளங்கை ஓரத்தில் அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். கால் பெருவிரல்களால் அழுத்தி இயக்க வேண்டும். 2022இல் ஓர் அறிவியல் பொருட்காட்சிக்கு வந்த 596 பேரிடம் இதைக் கொடுத்துப் பார்த்ததில், 98 விழுக்காட்டினர் ஒரு நிமிடத்துக்குள் அதனால் பொருள்களை எடுத்துவிட்டனர். அவர்களில் மூன்று வயதுக் குழந்தையும் இருந்தது, தொண்ணூற்றாறு வயது முதியவரும் இருந்தார். அதற்கு முன்பே, 2021இல் வெளியான ஆய்வில், ஐந்து நாட்கள் இதை அணிந்து பழகியவர்களின் மூளையைப் படம் பிடித்திருந்தனர். அவர்களுடைய இயற்கையான விரல்களைக் குறிக்கும் மூளைத் துடிப்புகள், ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியும் தெளிவில் சற்றுக் குறைந்திருந்தன. ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதிக்கப்பட்டவர்களிடம் அந்த மாற்றம் பெரும்பாலும் மறைந்திருந்தது. புதிய விருந்தாளிக்குப் பாய் விரிக்க, வீட்டிலிருந்தவர்கள் சற்று நெருங்கி உட்கார்ந்தார்கள் போலும்.

இவ்வளவும் கேட்டபின், மூளை ஏமாந்து கருவியைக் கையென்றே எண்ணிவிடுகிறது என்று முடிவு கட்டத் தோன்றும். அப்படி அன்று. செயற்கைக் கை அணிந்தவர்களைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வு, அவர்கள் மூளையில் செயற்கைக் கை இயற்கைக் கையைப் போலவும் இல்லை, வெறுங்கருவியைப் போலவும் இல்லை என்று காட்டியது. நாள்தோறும் மிகுதியாகப் பயன்படுத்தியவர்களிடம் அதற்கென்றே ஒரு தனியிடம் உருவாகியிருந்தது. லண்டன் தெருக்களில் நீண்ட இடுக்கியால் குப்பை பொறுக்கும் தொழிலாளர்களை 2021இல் ஆராய்ந்தபோதும் அவ்வாறே: கருவியில் தேர்ந்தவர்கள் மூளையில், கையின் படமும் கருவியின் படமும் மற்றவர்களிடத்தில் இருப்பதைவிடத் தெளிவாகப் பிரிந்திருந்தன. கருவியோடு நெருங்கப் பழகியவனே, எது தன் கை, எது தன் கருவி என்பதை நன்கறிந்தவன். தத்தெடுத்த பிள்ளையைப் பெற்ற பிள்ளையென்று மறந்துவிடாமலே, அதற்கும் சோற்றில் பங்கு வைக்கும் தாயைப் போன்றது மூளையின் இந்தக் குணம்.

இதிலிருந்து குடும்பங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது சில உண்டு. செயற்கைக் கையையோ காலையோ வாங்கிக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். பெற்றவர்களில் பலர் சில மாதங்களில் அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுவதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். கனம், வலி, வெட்கம் என்று காரணங்கள் பல. வேலை செய்யாத கோலைக் குரங்கின் மூளைகூட ஏற்கவில்லை என்பதை நினைவில் கொண்டால், அந்த முதல் மாதங்களில் அவர்கள் பழகிக்கொள்ள நேரமும் பொறுமையும் கொடுப்பதே, கருவிக்குக் கொடுத்த பணத்தைவிடப் பெரிய உதவி என்பது விளங்கும். மெதுவாகச் செய்கிறாரே என்று நாமே பாய்ந்து செய்துகொடுப்பது அன்பாகத் தோன்றலாம். மூளை வளர்த்துக்கொண்டிருக்கும் புதிய உறுப்புக்கு அது பட்டினி போடுவதாகும்.

இன்னொன்று, தெருவில் நாம் அன்றாடம் காணக்கூடியது. சாலையைக் கடக்க நிற்கும் கண்ணிழந்தவரின் கோல் நுனியைப் பிடித்து இழுத்து வழிகாட்டுகிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் ஒரு சொல் கேட்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் விரலைப் பிடித்து இழுக்கவோ, முதுகில் கைவைத்துத் தள்ளவோ நாம் துணிவோமா? கோலைத் தொடாமல், "உதவி வேண்டுமா?" என்று முதலில் கேட்கலாம். வேண்டுமென்றால், நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளும்படி நீட்டி, அரையடி முன்னே நடக்கலாம். நம் உடலின் ஏற்ற இறக்கத்திலிருந்து படியையும் பள்ளத்தையும் அவரே அறிந்துகொள்வார். மறு கையில் அவருடைய கோல் அவரிடமே இருக்கட்டும்.